சட்டம் படைக்காத அமைப்பு: இந்திய உளவுப் பணியகத்தின் வரலாறும் பொறுப்புடைமைச் சிக்கலும்

ஆய்வுச் சுருக்கம்

இந்தியாவின் உள்நாட்டுப் பாதுகாப்புக்கான முதன்மைத் தகவல் திரட்டு அமைப்பு உளவுப் பணியகம் ஆகும். 1887-இல் காலனிய அரசின் நிருவாக ஆணையால் தோன்றிய இவ்வமைப்புக்கு இன்றுவரை நாடாளுமன்றம் இயற்றிய அமைப்புச் சட்டம் எதுவும் இல்லை. எனினும் இந்தியச் சட்டங்கள் பலவற்றில் இதன் பெயர் இடம்பெறுகிறது. அவ்விடங்களைத் தொகுத்து நோக்கும்போது, சட்டம் இவ்வமைப்புக்கு அதிகாரம் அளிக்கவும், வெளிப்படைத்தன்மையிலிருந்து விலக்கு அளிக்கவும், இதன் பணியாளரைக் கட்டுப்படுத்தவும் மட்டுமே பேசுகிறது என்பதும், இதன் எல்லையையும் பொறுப்பையும் வரையறுக்கும் இடத்தில் மௌனம் காக்கிறது என்பதும் புலனாகின்றன. இம்மௌனத்தின் வரலாற்றுக் காரணங்களையும், அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையாக ஏற்கப்பட்ட பின்னர் அது எழுப்பும் சிக்கலையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: உளவுப் பணியகம், உள்நாட்டுப் பாதுகாப்பு, காலனிய நிருவாகம், கண்காணிப்பு, அந்தரங்க உரிமை, பொறுப்புடைமை, நாடாளுமன்ற மேற்பார்வை.

முன்னுரை

நாளிதழ்களில் 'மத்திய உளவுத்துறை' என்றும் 'ஐ.பி.' என்றும் சுட்டப்பெறும் அமைப்பே இக்கட்டுரையில் 'உளவுப் பணியகம்' எனக் குறிக்கப்படுகிறது. இதனைப் பொதுவழக்கில் சி.பி.ஐ. எனப்படும் மத்தியப் புலனாய்வுப் பணியகத்துடனும், என்.ஐ.ஏ. எனப்படும் தேசியப் புலனாய்வு முகமையுடனும் ஒன்றாகக் கருதும் மயக்கம் உண்டு. பின்னவை இரண்டும் நடந்த குற்றத்தை விசாரித்து நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பவை. உளவுப் பணியகமோ நடக்கக்கூடியவற்றை முன்னறிந்து அரசுக்குத் தெரிவிப்பது. இதற்குக் கைது செய்யும் அதிகாரமோ, குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யும் அதிகாரமோ இல்லை.

இவ்வேறுபாட்டில் மற்றொரு வேறுபாடும் அடங்கியுள்ளது. சி.பி.ஐ. தன் அதிகாரத்தை 1946-ஆம் ஆண்டின் தில்லி சிறப்புக் காவல் அமைப்புச் சட்டத்திலிருந்து பெறுகிறது. என்.ஐ.ஏ., 2008-இல் இயற்றப்பட்ட தனிச்சட்டத்தால் உருவானது. இவ்விரண்டையும்விட வயதில் மூத்த உளவுப் பணியகத்துக்கு அத்தகைய சட்டம் இல்லை. ஒரு நூற்றாண்டைக் கடந்து இயங்கிவரும் அமைப்பு ஏன் சட்டத்துக்குப் புறத்தே நிற்கிறது, அதனால் விளைவது என்ன என்பனவே இங்கு ஆராயப்படும் வினாக்கள்.

1. காலனியத் தோற்றம்

இவ்வமைப்பின் தொடக்கமாக 1887 டிசம்பர் 23 கொள்ளப்படுகிறது. வைசிராய் டஃபரின் காலத்தில், இலண்டனிலிருந்த இந்திய அமைச்சரின் ஆணைப்படி 'மத்தியச் சிறப்புப் பிரிவு' நிறுவப்பட்டது. நடு ஆசியாவில் உருசியப் பேரரசின் விரிவாக்கம், பஞ்சாபின் முன்னாள் அரசர் துலீப் சிங்கின் நடவடிக்கைகள், 1885-இல் தோன்றிய இந்திய தேசிய காங்கிரசு ஆகியவை அக்காலத்தில் ஆட்சியாளரின் கவனத்தை ஈர்த்திருந்தன. புதிய பிரிவு, அப்போது வழக்கத்திலிருந்த தக்கர்–கொள்ளையர் ஒழிப்புத் துறையோடு இணைக்கப்பட்டது. குற்றக் குழுக்களைப் பற்றிய பதிவேடுகளைப் பேணிய துறையே அரசியல் கருத்துகளைப் பற்றிய பதிவேடுகளையும் பேணத் தொடங்கியது என்பது இங்குக் கருதத்தக்கது.

ஆண்ட்ரூ ஃப்ரேசர் தலைமையிலான 1902–03 காவல் ஆணையத்தின் பரிந்துரையையடுத்து, 1904-இல் பழைய ஒழிப்புத் துறை கலைக்கப்பட்டு, 'குற்ற நுண்ணறிவுத் துறை' அமைந்தது. மாகாணங்களில் குற்றப் புலனாய்வுத் துறைகளும் அதே பரிந்துரையின் தொடர்ச்சியாகவே தோன்றின. 1920-இல் நடுவண் அமைப்பு 'உளவுப் பணியகம்' என்னும் பெயரைப் பெற்றது.

இவ்வமைப்பு பெரும் ஒற்றர் படையாக உருவாக்கப்படவில்லை. மாகாணக் காவல்துறைகள் திரட்டியனுப்பும் செய்திகளைத் தொகுத்து, மதிப்பிட்டு, ஆட்சியாளருக்கு அளிக்கும் சிறிய நடுவண் அலுவலகமாகவே அது இயங்கியது. அதன் இயக்குநர் தயாரித்த வார அறிக்கைகள் தேசிய ஆவணக் காப்பகத்தின் உள்துறை–அரசியல் கோப்புகளில் இன்று ஆய்வாளருக்குக் கிடைக்கின்றன. சிசில் கே, டேவிட் பெட்ரி, ஹொரேஸ் வில்லியம்சன் ஆகிய மூன்று இயக்குநர்களும் இந்தியப் பொதுவுடைமை இயக்கம் பற்றி அடுத்தடுத்து நூல்வடிவ அறிக்கைகள் எழுதினர். 1929-இல் தொடங்கிய மீரட் சதி வழக்குக்குப் பின்னணியாக அமைந்த தகவல்களைத் திரட்டியதில் பணியகத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

தமிழக வரலாற்றிலும் இக்கண்காணிப்பு வலையின் சுவடுகள் உள்ளன. பாரதியார் 1908-இலும், அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் 1910-இலும் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியை அடைந்தனர். 1911 சூன் 17 அன்று மணியாச்சியில் ஆட்சியர் ஆஷ் கொல்லப்பட்ட பின்னர், புதுச்சேரி அகதிகள்மீதான சென்னை மாகாணக் காவல்துறையின் கண்காணிப்பு கடுமையாயிற்று. அவர்களுள் வ.வே.சு. ஐயர் இலண்டன் இந்தியா இல்லத்தோடு தொடர்புடையவர். 1909-இல் இலண்டனில் கர்சன் வைலி சுடப்பட்டதையடுத்து, அங்குள்ள இந்தியப் புரட்சியாளரைக் கண்காணிக்கத் தனி அலுவலகமும் தோன்றியது. இலண்டன், நடுவண் அலுவலகம், மாகாணக் காவல்துறை என்னும் மூன்று நிலைகளும் ஒரே வலையாக இயங்கின.

இவ்வனைத்துக்கும் சட்டம் தேவைப்படவில்லை. ஆளப்படுவோருக்குப் பதில்சொல்லும் கடமை ஆட்சிக்கு இல்லாதபோது, ஆட்சியின் கண்களுக்கு மட்டும் அக்கடமை எவ்வாறு எழும்? காலனிய அமைப்பில் நிருவாக ஆணையே போதுமானதாயிருந்தது.

2. விடுதலைக்குப் பின்: தொடர்ச்சியும் மாற்றமும்

1947-இல் காவல் அதிகாரி டி.ஜி. சஞ்சீவி பிள்ளை இப்பணியகத்தின் முதல் இந்திய இயக்குநரானார். தலைமை மாறியது; அமைப்பின் அடித்தளம் மாறவில்லை. விடுதலைப் போராட்டத்தினரைக் கண்காணித்த நிறுவனம், அப்போராட்டத்தினர் அமைத்த அரசின் கருவியாயிற்று.

அரசமைப்பை உருவாக்கியோர் இவ்வமைப்பை அறியாதவர் அல்லர். ஏழாம் அட்டவணையின் ஒன்றியப் பட்டியலில் எட்டாம் பதிவாக உளவுக்கும் புலனாய்வுக்குமான மத்தியப் பணியகம் இடம்பெற்றது. 1949 ஆகத்து 29 அன்று அரசமைப்பு அவையில் இப்பதிவு விவாதிக்கப்பட்டபோது, காவல்துறை மாநிலங்களின் பொருளாயிருக்க ஒன்றியத்துக்குப் புலனாய்வு அதிகாரம் எவ்வாறு வரும் என்னும் ஐயம் எழுப்பப்பட்டது. அம்பேத்கர் அளித்த விளக்கத்தின் சாரம் இது: இங்குக் குறிக்கப்படும் புலனாய்வு, குற்ற வழக்கை விசாரிப்பது அன்று, அது காவல் அதிகாரிக்கே உரியது. நாட்டில் நடப்பது என்ன என்று அறிந்துகொள்ளும் பொதுவான விசாரணையே இதன் பொருள். ஆயினும் ஒன்றியப் பட்டியலின் பதிவு, சட்டம் இயற்றும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்கு அளிக்கிறதேயன்றி, அதுவே சட்டமாகிவிடாது. அவ்வதிகாரத்தைப் பயன்படுத்தி உளவுப் பணியகத்துக்கு அமைப்புச் சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை.

1950 முதல் 1964 வரை இயக்குநராயிருந்த பி.என். மல்லிக்கின் காலத்தில் பணியகம் விரிவடைந்தது. உள்நாடு, வெளிநாடு என்னும் இருவகைத் தகவல் திரட்டும் அப்போது இதன் பொறுப்பிலேயே இருந்தன. 1962 சீனப் போரும் 1965 பாகிசுத்தான் போரும் இவ்வேற்பாட்டின் குறைகளை வெளிக்கொணர்ந்தன. 1968 செப்டம்பரில் வெளிநாட்டுத் தகவல் திரட்டு பிரிக்கப்பட்டு, ஆர்.என். காவ் தலைமையில் 'ரா' அமைப்பு உருவாயிற்று. அன்றுமுதல் உளவுப் பணியகம் உள்நாட்டுப் பாதுகாப்புக்கே உரிய அமைப்பாயிற்று. இப்பிரிவினையும் நிருவாக முடிவாலேயே நிகழ்ந்தது.

காலனியக் கால வழக்கங்கள் தொடர்ந்தமைக்கு ஒரு சான்று 2015-இல் வெளிப்பட்டது. சுபாசு சந்திர போசின் குடும்பத்தினர் 1948 முதல் 1968 வரை கண்காணிக்கப்பட்டனர் என்பதை இரகசியம் நீக்கப்பட்ட கோப்புகள் காட்டின. அயல்நாட்டு அச்சுறுத்தலை அறிவதற்கும் அரசியல் ஐயத்தைத் தீர்த்துக்கொள்வதற்கும் இடையிலான கோட்டை வரையும் சட்டம் இல்லாதபோது, அக்கோட்டை ஆட்சியிலிருப்போரே வரைகின்றனர் என்பதை இது உணர்த்துகிறது.

நெருக்கடி நிலைக் காலம் (1975–77) இச்சிக்கலைப் பொதுவெளிக்குக் கொணர்ந்தது. 1977-இல் அமர்த்தப்பட்ட நீதிபதி ஜே.சி. ஷா ஆணையம், உளவு அமைப்புகள் அரசியல் நோக்கங்களுக்குப் பயன்படுத்தப்பட்டமையைச் சுட்டி, அது மீண்டும் நிகழாதிருக்கப் பாதுகாப்பு ஏற்பாடுகள் தேவை என வலியுறுத்தியது. இதனையடுத்து உளவுப் பணியகம், சி.பி.ஐ. ஆகியவற்றின் செயற்பாட்டை ஆராய எல்.பி. சிங் தலைமையில் குழு அமைந்தது. அதன் அறிக்கை பொதுவெளியில் வைக்கப்படவில்லை, சட்டமும் பிறக்கவில்லை.

3. இன்றைய பணிகள்

உளவுப் பணியகம் ஒன்றிய உள்துறை அமைச்சகத்தின்கீழ் இயங்குகிறது. இந்தியக் காவல் பணியைச் சேர்ந்த மூத்த அதிகாரி இதன் இயக்குநராவார். மாநிலங்களில் துணை அலுவலகங்கள் உள்ளன. பயங்கரவாதத்தை முன்னறிதல், அயல்நாட்டு ஒற்றரை இனங்காணல், எல்லைப்புறச் செய்திகளைத் திரட்டல், முதன்மைப் பொறுப்பில் உள்ளோருக்கான அச்சுறுத்தலை மதிப்பிடல், உயர் பதவிகளுக்குக் கருதப்படுவோரின் பின்னணியை ஆராய்தல் ஆகியன இதன் பணிகளுள் சில.

கார்கில் போருக்குப் பின் கே. சுப்பிரமணியம் தலைமையிலான மீளாய்வுக் குழுவும், அதனைத் தொடர்ந்த அமைச்சர்கள் குழுவும் அமைப்புகளிடையே தகவல் பகிர்வு குறைந்திருந்ததைச் சுட்டின. அதன் விளைவாக 2001-இல் 'பல்முகமை மையம்' இப்பணியகத்துக்குள் நிறுவப்பட்டது. 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலுக்குப் பின் அம்மையம் இரவும் பகலும் இயங்குமாறு வலுப்படுத்தப்பட்டது. நெருக்கடிகள் ஒவ்வொன்றும் பணியகத்தின் திறனைப் பெருக்கின. அதற்கு இணையாகப் பொறுப்புடைமை வளரவில்லை.

கைது செய்யும் அதிகாரம் இல்லை என்பதால் இப்பணிகள் குடிமக்களின் உரிமையைத் தொடுவதில்லை என்று கருதுவது பொருந்தாது. உச்ச நீதிமன்றக் கொலீஜியம் 2023 சனவரியில் வெளியிட்ட தீர்மானம் ஒன்று இதற்குச் சான்று. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிப் பதவிக்குப் பரிந்துரைக்கப்பட்ட வழக்கறிஞர் ஒருவர் நற்பெயர் உடையவர் என்று தெரிவித்த பணியகத்தின் அறிக்கை, அவர் சமூக ஊடகத்தில் பகிர்ந்த இரு பதிவுகளையும் குறிப்பிட்டிருந்தது. ஒன்று பிரதமரை விமரிசித்த கட்டுரை. மற்றொன்று மருத்துவப் படிப்பில் சேர முடியாமல் உயிர் துறந்த மாணவி பற்றியது. இப்பதிவுகள் அவருடைய தகுதியைக் குறைப்பன அல்ல என்று கூறிய கொலீஜியம், தன் பரிந்துரையை மீண்டும் வலியுறுத்தியது. இங்குப் பணியகத்தின் குறிப்பு வெளிவந்ததால் அதனை மதிப்பிட முடிந்தது. பொதுவாக இத்தகைய குறிப்புகள் வெளிவருவதில்லை. தம்மைப் பற்றி எழுதப்பட்டதைப் படிக்கவோ மறுக்கவோ உரியவருக்கு வழியுமில்லை.

4. சட்டம் பேசும் இடங்களும் மௌனம் காக்கும் இடமும்

இந்தியச் சட்டங்கள் உளவுப் பணியகத்தை எவ்வெவ்விடங்களில் கருதுகின்றன என்பதைத் தொகுத்து நோக்கலாம்.

முதலாவது, பணியாளர் கட்டுப்பாடு. 1984-ஆம் ஆண்டின் ஐம்பதாம் அரசமைப்புத் திருத்தம், உறுப்பு 33-ஐ விரிவாக்கி, உளவு அமைப்புகளின் பணியாளருடைய அடிப்படை உரிமைகளை வரையறை செய்ய நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் அளித்தது. அவ்வதிகாரத்தைக் கொண்டு 1985-இல் உளவு அமைப்புகள் (உரிமைகள் வரையறுப்பு) சட்டம் இயற்றப்பட்டது. பணியாளர் சங்கம் அமைப்பதையும் இதழ்களோடு தொடர்புகொள்வதையும் அது கட்டுப்படுத்துகிறது. அதன் அட்டவணையில் உளவுப் பணியகம் இடம்பெறுகிறது.

இரண்டாவது, வெளிப்படைத்தன்மையிலிருந்து விலக்கு. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு 24-இன்கீழ் இரண்டாம் அட்டவணையிலுள்ள அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கிறது. அவ்வட்டவணையின் முதற்பெயர் உளவுப் பணியகம். ஊழல், மனித உரிமை மீறல் ஆகிய குற்றச்சாட்டுகள் தொடர்பான தகவல்களுக்கு மட்டும் இவ்விலக்கு பொருந்தாது. 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், நாட்டுப் பாதுகாப்பை முன்னிட்டு அறிவிக்கப்படும் அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்க இடமளிக்கிறது.

மூன்றாவது, அதிகாரம் வழங்கல். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 69-இன்கீழ் 2018 டிசம்பர் 20 அன்று உள்துறை அமைச்சகம் வெளியிட்ட ஆணை, கணினி வழித் தகவல்களை இடைமறிக்கவும் கண்காணிக்கவும் பத்து அமைப்புகளுக்கு அதிகாரம் அளித்தது. அவற்றுள்ளும் உளவுப் பணியகம் ஒன்று.

இம்மூன்று வகைகளையும் ஒருங்கே நோக்கும்போது, சட்டத்தின் பார்வையில் இவ்வமைப்பு தெளிவாகவே இருக்கிறது என்பது விளங்கும். பணியாளரைக் கட்டுப்படுத்த வேண்டும்போதும், தகவலை மறைக்க வேண்டும்போதும், அதிகாரம் வழங்க வேண்டும்போதும் சட்டம் இதனைப் பெயர்சொல்லி அல்லது வகைசொல்லி அழைக்கிறது. ஆனால் இதன் பணி எது, பணி அல்லாதது எது, இதனை மேற்பார்வையிடுவோர் யார், இதனால் பாதிக்கப்பட்டோர் யாரிடம் முறையிடுவது என்னும் நான்கு வினாக்களுக்கும் விடைதரும் சட்டம் இல்லை. ஆகவே 'சட்டமில்லாத அமைப்பு' என்பதைவிட, 'ஒருபக்கச் சட்டம் மட்டுமே உடைய அமைப்பு' என்பதே பொருத்தமான வருணனையாகும்.

5. நிருவாக அதிகாரத்தின் எல்லை

சட்டம் இல்லாமல் அமைப்பை நடத்துவது தானாகவே அரசமைப்புக்கு முரணானதன்று. ராம் ஜவாயா கபூர் வழக்கில் (1955), நாடாளுமன்றம் சட்டம் இயற்றத்தக்க பொருள்களில் சட்டம் இல்லாமலும் நிருவாகத் துறை செயற்படலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் குடிமகனின் உரிமையில் குறுக்கிடும் செயலுக்குச் சட்ட ஆதாரம் வேண்டும் என்னும் வரம்பும் அத்தீர்ப்பிலேயே உள்ளது. எனவே வினா இதுவாகிறது: கண்காணிப்பு, உரிமையில் குறுக்கிடுவதா?

கரக் சிங் வழக்கின் (1962) பெரும்பான்மைத் தீர்ப்பு இவ்வினாவைப் பிரித்து நோக்கியது. காவலர் இரவில் வீட்டுக்கு வந்து சோதிப்பது, சட்ட ஆதாரம் அற்ற துறைசார் விதியின் அடிப்படையில் நிகழ்வதால் செல்லாது என்றது. ஒருவரை வெளியிலிருந்து கண்காணிப்பது உரிமை மீறல் அன்று. ஏனெனில் அந்தரங்க உரிமை அரசமைப்பில் உறுதியளிக்கப்படவில்லை என்றது. இப்பிற்பகுதியே சட்டமற்ற கண்காணிப்புக்கு நிழலாக அமைந்தது எனலாம்.

2017 ஆகத்து 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு புட்டசாமி வழக்கில் அந்நிழலை அகற்றியது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றும், அதில் அரசு குறுக்கிடுவதற்குச் சட்டம், முறையான நோக்கம், நோக்கத்துக்கு ஏற்ற அளவு ஆகியவை வேண்டும் என்றும் கூறிய அத்தீர்ப்பு, கரக் சிங் தீர்ப்பின் மேற்கண்ட பகுதியைத் தள்ளியது. தொலைபேசி, கணினி ஆகியவற்றை இடைமறிப்பதற்குச் சட்டப்பிரிவுகள் உள்ளன. ஆனால் ஒருவரைப் பின்தொடர்வது, அவருடைய கூட்டங்களுக்குத் தகவலாளரை அனுப்புவது, அவரைப் பற்றிய கோப்பைப் பல்லாண்டுகள் பேணுவது ஆகியவற்றுக்கு உளவுப் பணியகத்தைப் பொறுத்தவரை தனிச்சட்ட ஆதாரம் காட்டுவது கடினம்.

இடைமறிப்பிலும் மேற்பார்வை நிருவாகத்துக்குள்ளேயே அடங்குகிறது. பி.யூ.சி.எல். வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளைத் தழுவி விதிகள் அமைந்தன. அவற்றின்படி ஒன்றிய நிலையில் அனுமதி அளிப்பவர் உள்துறைச் செயலாளர். அதனை மறுஆய்வு செய்வோர் அமைச்சரவைச் செயலாளர் தலைமையிலான செயலாளர்கள். நீதிபதியோ, நாடாளுமன்ற உறுப்பினரோ இவ்வேற்பாட்டில் இல்லை.

சட்ட ஆதாரம் பற்றிய வினா வெறும் கல்விசார் வினா அன்று என்பதை 2013 நவம்பரில் குவகாத்தி உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு காட்டியது. சி.பி.ஐ. நிருவாகத் தீர்மானத்தால் அமைக்கப்பட்டதாதலால் செல்லாது என்று அது கூறியது. சில நாள்களிலேயே உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. ஓரளவேனும் சட்டப்பிடிமானம் உள்ள அமைப்பே இவ்வாறு வினவப்பட்டது எனில், அப்பிடிமானமும் இல்லாத உளவுப் பணியகத்தின் நிலை எண்ணத்தக்கது.

6. ஒப்பீடு: பிரித்தானிய அனுபவம்

இவ்விடத்தில் பிரித்தானியாவின் உள்நாட்டுப் பாதுகாப்பு அமைப்பான எம்.ஐ.5-ஐ ஒப்பிடுவது பொருத்தமானது. இரண்டுக்கும் வரலாற்று உறவு உண்டு. 1924 முதல் 1931 வரை இந்திய உளவுப் பணியகத்தின் இயக்குநராயிருந்த டேவிட் பெட்ரியே 1941 முதல் 1946 வரை எம்.ஐ.5-இன் தலைமை இயக்குநராயிருந்தார்.

1909-இல் தோன்றிய எம்.ஐ.5-உம் எண்பதாண்டுகள் சட்டமின்றியே இயங்கியது. 1952-இல் உள்துறை அமைச்சர் மாக்சுவெல் ஃபைஃப் அளித்த நிருவாகக் கட்டளையே அதன் சாசனமாயிருந்தது. மாலோன் வழக்கில் (1984) ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், தொலைபேசி ஒட்டுக்கேட்புக்குத் தெளிவான சட்டம் இல்லாமையைக் குறையெனக் கண்டது. அத்தகைய அழுத்தங்களின் விளைவாக 1989-இல் பாதுகாப்புப் பணிச் சட்டம் இயற்றப்பட்டது. எந்த அரசியல் கட்சியின் நலனுக்காகவும் அமைப்பு செயற்படாதவாறு பார்த்துக்கொள்ளும் கடமையை அச்சட்டம் தலைமை இயக்குநர்மீது சுமத்தியது. 1994-ஆம் ஆண்டுச் சட்டம் நாடாளுமன்ற உறுப்பினர்களைக் கொண்ட மேற்பார்வைக் குழுவை நிறுவியது. இவற்றால் குறைகள் அனைத்தும் நீங்கிவிட்டன என்பதில்லை. ஆயினும் சட்டம் வந்தால் உளவுப்பணி முடங்கிவிடும் என்னும் அச்சத்துக்கு அந்நாட்டின் முப்பதாண்டுக்கு மேற்பட்ட பட்டறிவு இடமளிக்கவில்லை.

7. இந்தியாவில் சீர்திருத்த முயற்சிகள்

2011-இல் மக்களவை உறுப்பினர் மணீசு திவாரி, உளவு அமைப்புகளின் அதிகாரங்களையும் ஒழுங்குமுறையையும் வரையறுக்கும் தனிநபர் சட்டமுன்வடிவைக் கொணர்ந்தார். நாடாளுமன்ற மேற்பார்வைக் குழுவும், குறைகேட்கும் தீர்ப்பாயமும் அதில் முன்மொழியப்பட்டன. அது சட்டமாகவில்லை. உளவு அமைப்புகளை நாடாளுமன்ற மேற்பார்வையின்கீழ்க் கொணரக் கோரிய பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் 2016-இல் ஏற்க மறுத்தது. ஆக, சட்டமியற்றும் பொறுப்பு நாடாளுமன்றத்திடமே திரும்பி வந்து நிற்கிறது.

அமைப்புச் சட்டத்தை எதிர்ப்போர் கூறும் காரணம் புறக்கணிக்கத்தக்கதன்று. தகவலாளரின் பெயரும் திரட்டும் முறையும் வெளிப்படின் உயிர்கள் இழக்கப்படலாம். ஆனால் அமைப்பின் பணிவரம்பை வெளிப்படையாக வரையறுப்பது வேறு. குறிப்பிட்ட நடவடிக்கையை வெளிப்படுத்துவது வேறு. முன்னது இரகசியமாயிருக்க வேண்டிய தேவை இல்லை. மேலும், தெளிவான சட்டம் அதிகாரிகளுக்கும் காப்பாகும். முறையற்ற ஆணையை மறுக்க விரும்பும் அதிகாரி இன்று சுட்டிக்காட்டச் சட்டப்பிரிவு எதுவும் இல்லை.

முடிவுரை

உளவுப் பணியகத்தின் வரலாறு, பெயரும் பணியும் மாறியும் பிறப்புமுறை மாறாத ஒரு நிறுவனத்தின் வரலாறாகும். 1887, 1904, 1920, 1947, 1968, 2001 ஆகிய திருப்பங்கள் அனைத்திலும் நிருவாக ஆணையே மாற்றத்தின் கருவியாயிருந்தது. காலனிய ஆட்சியில் அது இயல்பானது. மக்களாட்சியில் அது விளக்கம் வேண்டுவது. பின்வந்த சட்டங்கள் இவ்வமைப்பைக் காக்கவும் வலுப்படுத்தவும் முன்வந்தனவேயன்றி, வரையறுக்க முன்வரவில்லை. அந்தரங்க உரிமை பற்றிய 2017 தீர்ப்புக்குப் பின் இவ்விடைவெளி அரசமைப்புச் சிக்கலாக வளர்ந்துள்ளது.

ஒன்றியப் பட்டியலின் எட்டாம் பதிவு அளிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்தின் கையில் எழுபத்தைந்து ஆண்டுகளாக உள்ளது. பணிவரம்பு, அரசியல் நடுநிலை, நாடாளுமன்ற மேற்பார்வை, முறையீட்டுத் தீர்ப்பாயம் என்னும் நான்கையும் உள்ளடக்கிய சட்டமே அப்பதிவுக்கு உரிய நிறைவாக அமையும். காலனிய வார அறிக்கைகளை இன்று நாம் வரலாற்றுச் சான்றாகப் படிக்கிறோம். அவை யாரைப் பற்றி எழுதப்பட்டனவோ அவர்களால் அவற்றை மறுக்க இயலவில்லை. குடியரசின் கோப்புகளில் இடம்பெறுவோர்க்கும் அந்நிலை தொடர வேண்டுமா என்பதே இவ்வாய்வு முன்வைக்கும் வினா.